மேடை வேண்டாம், மேசை போதும்

கோடை விடுமுறையிலும் பொங்கலை ஒட்டிய நாட்களிலும் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தைப் புரட்டினால் ஒரு படம் தவறாமல் கண்ணில் படும். பள்ளிக்கூட வாசலில் ஒரே நிறத்தில் டி-சர்ட் அணிந்த ஐம்பது அறுபது பேர். முன்வரிசை நாற்காலிகளில் பொன்னாடையுடன் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பின்னால் பிளெக்ஸ் பேனர். '25 ஆண்டுகளுக்குப் பின் சந்தித்த முன்னாள் மாணவர்கள்' என்று ஒரு வரி. ஒரு காலத்தில் இதெல்லாம் பழம்பெரும் பள்ளிகளில் மட்டும் நடக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணைய டேட்டா மலிந்த பிறகு வாட்ஸ்அப் இல்லாத கைபேசியே அரிதாகி, சிதறிக் கிடந்த வகுப்புகள் ஒவ்வொன்றாகக் குழு சேர்ந்தன. பள்ளித் தோழர்கள் மீண்டும் சந்திப்பதைச் சொல்லி 2018-இல் வந்த '96' படம் அந்த ஆசையை மேலும் கிளறிவிட்டது. இன்று சிற்றூர்ப் பள்ளிகளின் பத்தாம் வகுப்பு செட்டுகள்கூட மண்டபம் பிடித்து, மைக் வைத்து, நினைவுப் பரிசு கொடுத்துச் சந்திக்கின்றன. இதில் இருக்கும் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்திக்கும் விதத்தில்தான் சந்தேகம். பழைய நண்பர்கள் ஒருவரை ஒருவர் உண்மையாகவே பார்த்துப் பேச வேண்டுமென்றால் ஓர் ஓட்டல் மேசையும் ஆறேழு நாற்காலிகளும் போதும். மண்டபத்தைவிட, ஏன், வீட்டைவிடவும் அதுவே மேல் என்று சொல்லக் காரணங்கள் இருக்கின்றன.

பள்ளி நட்பு ஏன் இத்தனை காலம் தாங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நட்புக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டுப் பார்த்தார். 2018-இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரணச் சிநேகிதராக ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகிறது. நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். இதை நம் பள்ளிக்கூடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரப் பாடமும் வேண்டும் என்கிறது. பக்கத்து பெஞ்சுக்காரனோடு மூன்றே ஆண்டில் 3,000 மணி நேரம். மதிய உணவு இடைவேளையும் சைக்கிள் ஸ்டாண்டும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றதும் இதில் சேராது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், புதிதாகப் பழகும் ஒருவருக்கு 200 மணி நேரம் எங்கே ஒதுக்கப் போகிறார்? அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவமனை என்று நாள் ஓடிவிடுகிறது. அவருக்குப் பள்ளித் தோழர்கள் என்பவர்கள் சிறுவயதிலேயே கட்டி முடித்த வைப்புத்தொகை. எடுத்துப் பயன்படுத்தாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அது கரைந்துபோய்விடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1975-இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவருடைய குழுவினரும் 17 வயது முதல் 74 வயது வரையிலான 392 பேரிடம், அவர்களுடைய பள்ளி ஆண்டு மலர்ப் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். பள்ளியைவிட்டு முப்பது ஆண்டுகள் கடந்தவர்கள்கூட வகுப்புத் தோழர்களின் முகங்களில் பத்துக்கு ஒன்பதைச் சரியாக அடையாளம் கண்டார்கள். படம் இல்லாமல் பெயர்களை மட்டும் சொல்லச் சொன்னபோதுதான் தடுமாறினார்கள். முகம் தங்கிவிடுகிறது, பெயர் நழுவுகிறது. அப்படியிருந்தும் நாம் கூப்பிடுவதில்லை. லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற இரு ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரின் தொடர்பு எண் கையில் இருந்தும், பேச விருப்பம் இருந்தும், எதிராளி மகிழ்வார் என்று தெரிந்திருந்தும்கூட மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களே செய்தி அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேச எவ்வளவு கூச்சமோ அவ்வளவு கூச்சம் பழைய நண்பரிடமும் இருந்தது. வாட்ஸ்அப் குழு இந்தக் கூச்சத்தைப் போக்குவதாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். போக்கவில்லை, அது ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. நூறு பேர் உள்ள குழுவில் விடிந்தால் காலை வணக்கப் படம், பிறந்தநாளுக்குக் கேக் படம், தேர்தல் வந்தால் சண்டை. பத்து வருடமாகக் குழுவில் இருந்தும் ஒருவருக்கு ஒருவர் தனியாக ஒரு வார்த்தை பேசாதவர்கள் ஏராளம்.

மண்டபச் சந்திப்பு இதே குழுவின் நேரடி வடிவம்தான். எண்பது பேர் வருகிறார்கள். வரவேற்புரை, ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், வேலை, எத்தனை பிள்ளைகள் என்று மைக்கில் சொல்லும் சுற்று, ஆசிரியர்களுக்குச் சால்வை, குரூப் போட்டோ, பிரியாணி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. மைக்கில் சொல்லக்கூடிய நான்கு தகவல்களும் ஒருவரின் வெற்றி தோல்வியைக் கூட்டத்தின் முன் படித்துக் காட்டும் மதிப்பெண் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன. இதில் யாருடைய குற்றமும் இல்லை. கூட்டத்தின் இயல்பு அது. மனிதர்கள் தாமாகக் கூடிப் பேசும் குழுக்களை ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1990-களில் கவனித்துப் பார்த்தபோது, ஒரே பேச்சில் ஏறக்குறைய நான்கு பேருக்கு மேல் நிலைப்பதில்லை என்று கண்டார்கள். ஐந்தாமவர் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிகிறது, அல்லது ஒருவர் சொற்பொழிவாற்ற மற்றவர்கள் கேட்கிறார்கள். ஆறேழு பேர் உட்காரும் மேசை என்றால் இரண்டு பேச்சுகள் நடக்கும். காதை இங்கும் அங்கும் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, பேசுவதற்கு டீக்கடை பெஞ்சு போதுமே, சாப்பாடு எதற்கு? டன்பார் 2017-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு பிரிட்டனில் 2,000 பேரிடம் எடுத்த கணிப்பை வைத்து எழுதப்பட்டது. மற்றவர்களோடு சேர்ந்து அடிக்கடி சாப்பிடுபவர்கள், வாழ்க்கையில் அதிக நிறைவும் சுற்றியிருப்பவர்கள்மீது அதிக நம்பிக்கையும் உள்ளவர்களாக இருந்தார்கள். மகிழ்ச்சியாக இருப்பவர்களைத்தான் நாலு பேர் சாப்பிடக் கூப்பிடுகிறார்களோ என்று ஒரு வாசகர் கேட்டால் அது நியாயமான கேள்வி. கணிப்பை மட்டும் வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் பரிசோதனைச் சான்றும் இருக்கிறது. கெயிட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இருவர் இருவராக உட்காரவைத்துச் சிப்ஸும் சாஸும் கொடுத்தார்கள். சிலருக்கு ஒரே கிண்ணம், சிலருக்குத் தனித்தனிக் கிண்ணம். அதன்பின் ஒரு சம்பளப் பேச்சுவார்த்தையை நடிக்கச் சொன்னால், ஒரே கிண்ணத்தில் எடுத்துச் சாப்பிட்டவர்கள் சீக்கிரம் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒருவர் எவ்வளவு எடுக்கிறார், அடுத்தவருக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவதே ஒரு ஒத்துழைப்புப் பயிற்சி ஆகிவிடுகிறது. பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் ஒருவன் டிபன் பாக்ஸில் ஐந்து பேர் கைவிட்டதும் இதேதான்.

ஓட்டல் மேசையில் நடப்பதைச் சற்றுக் கிட்டப்போய்க் கவனித்தால் இது விளங்கும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் 'வாங்க, எப்படி இருக்கீங்க' என்று மரியாதைப் பன்மையில் தடுமாறுகிறார்கள். சர்வர் வந்து தண்ணீர் டம்ளர்களை வைத்து, என்ன வேணும் என்று நிற்கிறார். அங்கேதான் முதல் உண்மைகள் வெளியே வருகின்றன. ஒருவர் சர்க்கரை இல்லாத காபி கேட்கிறார். இன்னொருவர் எண்ணெய் குறைவாக ஒரு தோசை போதும் என்கிறார். பூரியை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு இட்லி சொல்கிறார் மூன்றாமவர். மைக்கில் யாரும் சொல்லாத மருத்துவ வரலாறு ஒரே ஆர்டரில் முடிந்துவிடுகிறது. இரண்டு பிளேட் வடை சொல்லி நடுவில் வைத்தால், அதைப் பிய்க்கும் நேரத்துக்குள் யாராவது ஒருவர் வாயில் பட்டப்பெயர் வந்துவிடும். அத்தோடு பன்மை ஒழிந்து 'டா' வந்துவிடும். கடினமான பேச்சுக்கும் சாப்பாடு தோள் கொடுக்கிறது. 'அம்மா எப்போ போனாங்க?' என்று கேட்டவருக்கும் பதில் சொல்ல வேண்டியவருக்கும் கண்ணை வைக்க ஓர் இலை இருக்கிறது. சாம்பார் வாளியோடு சர்வர் வந்து நிற்பது அந்த மௌனத்துக்கு ஒரு கௌரவமான காரணமும் ஆகிறது. வெறும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தால் இந்த வசதி கிடையாது.

'வீட்டுக்கே வரச் சொன்னால் இன்னும் நெருக்கமாக இருக்குமே' என்பது அடுத்த மறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு பேர் வீட்டுக்கு வந்தால் சமையலறையில் நிற்பது யார்? பெரும்பாலான வீடுகளில் நண்பரின் மனைவியோ தாயாரோதான். அவர்கள் அந்தச் சிரிப்புச் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாடகை வீட்டில் ஒற்றைக் கூடத்தோடு வாழும் நண்பர், மூன்று மாடி வீடு கட்டியவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிடத் தயங்குவார். மூன்றாவது காரணம் நாம் வாய்விட்டுச் சொல்லாதது. எந்த நண்பர் எந்த வீட்டில் கூடம்வரை வரலாம், எந்த வீட்டில் திண்ணையோடு நிற்க வேண்டும், யாருக்கு எந்தத் தம்ளர் என்ற கணக்கு இன்னும் பல ஊர்களில் முடிந்துபோகவில்லை.

தமிழ்நாட்டில் மாணவர்கள் சேர்ந்து சாப்பிடுவது ஓர் அரசியல் பிரச்சினையாகவே வெடித்திருக்கிறது. 1920-களில் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது தெரியவந்து, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளப்பிய எதிர்ப்பு மாகாண காங்கிரஸையே உலுக்கியது. ஓட்டல்களும் அப்போது இந்தப் பாகுபாட்டுக்கு விலக்கல்ல. தனி அறை, தனி வரிசை என்று பிரித்த காலம் அது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. ஆனால் ஓட்டலைத் திறக்கச் சட்டத்தால் முடிந்தது. பொது உணவு விடுதிகளில் சாதி, மதம், பால் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுச் சமையலறைக்குள் அந்தப் பிரிவு நுழைய முடியாது. காசு கொடுத்தால் ஒரே இலை, ஒரே சாம்பார், ஒரே பில் என்ற இடம் வகுப்பறைக்குப் பிறகு அந்த நண்பர்களுக்கு ஓட்டல்தான்.

காசு கொடுத்தால் என்றேனே, அங்கேதான் வலுவான மறுப்பு காத்திருக்கிறது. எல்லோரிடமும் காசு ஒரே அளவில் இல்லை. ஒரே வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் ஐ.டி. நிறுவனத்தில் மேலாளர், ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் நெசவு நின்றுபோய்க் கடையில் வேலை பார்க்கிறார். நட்சத்திர ஓட்டலில் பஃபே ஏற்பாடு செய்துவிட்டு 'எல்லாரும் வந்துடுங்கடா' என்று குழுவில் போட்டால், மூவரில் ஒருவருக்கு அன்றைக்குத்தான் உறவில் கல்யாணம் இருக்கும். 'நான் பார்த்துக்கறேன்' என்று வசதியானவர் மொத்தப் பில்லையும் கட்டுவதும் தீர்வல்ல. முதல் தடவை அது பாசம், இரண்டாம் தடவை அது கடன், மூன்றாம் தடவைக்கு மற்றவர் வரமாட்டார். ஓட்டல் வேண்டாம் என்பது இதற்குப் பதிலாகாது. எந்த ஓட்டல் என்பதை மாற்றினால் போதும். கூட்டத்தில் கையில் குறைவாக இருப்பவர் தன் பங்கைத் தயங்காமல் கொடுக்கக்கூடிய இடமே எல்லோருக்கும் இடம். ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் மதியச் சாப்பாடு, அதுவும் கூடுதல் என்றால் மாலை நான்கு மணிக்கு டிபனும் காபியும். பில்லை ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கை அங்கேயே கைபேசியில் அனுப்பிவிடுவது இப்போது டீக்கடையிலேயே பழகிவிட்டது. வசதியானவருக்குச் செலவு செய்தே ஆகவேண்டும் என்று கை அரித்தால், வெளியூரிலிருந்து வருபவருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கட்டும், மற்றவர்களுக்குத் தெரியாமல்.

கலந்து படித்த வகுப்புகளின் சந்திப்பில் பெண்கள் குறைவு என்பது இன்னொரு குறை, உண்மையான குறை. கண்டுபிடிப்பதே சிரமம் என்பது ஒரு காரணம். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வகுப்பில் 'கே. செல்வி', 'எஸ். செல்வி' என்று பிரித்துக் கூப்பிட்ட இருவரும் கல்யாணத்துக்குப் பின் அப்பாவின் எழுத்தைவிட்டுக் கணவரின் எழுத்துக்கு மாறியிருப்பார்கள். ஃபேஸ்புக்கில் எந்தச் செல்வியை என்று தேடுவது? ஊர் மாறியிருக்கும், எண்ணும் கணவரிடம் இருக்கலாம். கண்டுபிடித்தாலும் நேரமும் இடமும் ஆண்களுக்குத் தோதாகவே தீர்மானிக்கப்படுகின்றன. சனிக்கிழமை இரவு, பார் வசதியுள்ள இடம், குடித்துவிட்டுப் பழைய கதை என்றால் பெண்கள் வரமாட்டார்கள். குடிக்காத ஆண்களும் மெல்லக் கழன்றுகொள்வார்கள். பகல் வெளிச்சத்தில், குடும்பங்கள் வந்துபோகும் சாதாரண ஓட்டலில் மதியச் சாப்பாடு என்றால் வீட்டில் சொல்லிவிட்டு வருவதும் எளிது, மூன்று மணிக்கு எழுந்து போவதும் எளிது. பழைய வகுப்புத் தோழரைப் பார்க்கப் போவதை வீட்டில் சந்தேகத்தோடு பார்ப்பது '96' வந்தபின் கூடிவிட்டது என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தப் படத்தை என் வாதத்துக்குச் சாட்சியாகவே நான் அழைப்பேன்: அங்கேயும் கூட்டமான விழாவில் எதுவும் பேசி முடிவதில்லை, அது கலைந்த பிறகு இருவர் உட்கார்ந்து பேசும்போதுதான் கதை நகர்கிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் எல்லோருக்கும் இனித்ததா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் சாதிக்கொரு நிறக் கயிறு கட்டும் வழக்கத்தைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. இன்று ஐம்பது வயதில் இருப்பவர்களின் வகுப்பறைகள் மட்டும் மாசற்றவையாக இருந்தன என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. நிறத்துக்காக, உடம்புக்காக, கிழிந்த சட்டைக்காகச் சூட்டப்பட்ட பட்டப்பெயர்கள் சூட்டியவர்களுக்கு நகைச்சுவை, தாங்கியவர்களுக்கு அப்படியல்ல. எனவே 'ஏன் வரமாட்டேங்குற, அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா' என்று யாரையும் குழுவில் வைத்துக் குடைவது அநாகரிகம். வராமலிருக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வர விரும்பும் ஒருவருக்கு எது தோதான இடம் என்று கேட்டால், இங்கேயும் சிறிய மேசைதான். எண்பது பேர் முன்னால் அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் சிரித்துத் தொலைக்க வேண்டும். ஐந்து பேர் நடுவில் 'அப்படிக் கூப்பிடாதே' என்று சொல்லலாம். 'அன்னிக்கு நான் செஞ்சது தப்புடா' என்று சொல்ல வேண்டியவருக்கும் அதற்குமேல் கூட்டம் தேவையில்லை.

விழா அறவே வேண்டாமா என்றால், வேண்டும், அதற்குரிய காரியத்துக்கு. ஆசிரியர்களைக் கௌரவிக்கவும் பள்ளிக்குக் கழிவறையோ கணினியோ வாங்கித் தரவும் கூட்டம் சேரத்தான் வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள் உதவ வழிசெய்யும் 'நம்ம ஸ்கூல்' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டபின் அதற்கு முறையான பாதையும் இருக்கிறது. அது நன்கொடைக் கூட்டம், நல்ல கூட்டம். அதில் கலந்துகொண்டதாலேயே நண்பனைப் பார்த்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்னக் குறுக்கீடு. பழைய நட்பால் லாபம் உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. டேனியல் லெவினும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஆண்டுகள் தொடர்பற்றுப் போனவர்களிடம் தொழில் ஆலோசனை கேட்கும்படி நிர்வாகிகளிடம் சொன்னார்கள். தினமும் பார்க்கும் ஆட்களிடம் கிடைத்ததைவிட அந்த ஆலோசனை சோடை போகவில்லை. கேட்டிராத புதிய தகவலும் கிடைத்தது. வேறு வேறு திசையில் போய் வேறு வேறு உலகத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள் என்பதே காரணம். ஆனால் இதைப் படித்துவிட்டு முதல் சந்திப்பிலேயே இன்ஷூரன்ஸ் பாலிசியையோ, ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரத்தையோ மேசைமேல் வைப்பவர் இரண்டாம் சந்திப்பைக் கெடுக்கிறார். பள்ளிக் குழுக்கள் பல உறங்கிப்போக அரசியலுக்கு அடுத்தபடி இந்த வியாபாரம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்த மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிறு மதியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் போதும். தேதி முடிவானதும் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போன் பண்ணுங்கள். அந்த ஆறு பேரில் ஒருவராவது வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவராக இருக்கட்டும். அவருடைய எண் உங்கள் வகுப்பில் யாரோ ஒருவரிடம் நிச்சயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.